லைஃப் கோச்சா, தெரபிஸ்ட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோச்சிங் என் தொழில். முதல் முறை பேச வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது, "என் பிரச்சினைக்கு உங்ககிட்ட வரலாமா, இல்ல டாக்டரைத்தான் பார்க்கணுமா?" என்பதுதான். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சை தேவைப்படும் ஒருவர் விஷயம் தெரியாமல் கோச்சிடம் வந்து மாதக்கணக்கை வீணாக்கிவிடக் கூடாது என்ற கவலைதான் இதை எழுத முக்கியக் காரணம்.

லைஃப் கோச்சுன்னா யாரு? என்னதான் செய்வாங்க?

வேலை மாறலாமா, சொந்தமாகத் தொழில் தொடங்கலாமா, பாதியில் விட்ட படிப்பைத் தொடரலாமா என்று முடிவுக்கு வர முடியாமல் நிற்கும் ஒருவருக்கு, தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளவும், தெளிவானதைச் செய்து முடிக்கவும் துணையாக இருப்பவர்தான் லைஃப் கோச். நிறையக் கேள்வி கேட்பார். பதிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். போன வாரம் செய்கிறேன் என்று சொன்னதைச் செய்தீர்களா என்று மறக்காமல் விசாரிப்பார்.

இந்த முறை விளையாட்டிலிருந்து வந்தது. 1970-களில் டிமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர், எதிரே நிற்பவரைவிட ஆட்டக்காரரின் மனதுக்குள் ஓடும் பேச்சுதான் அவருக்குப் பெரிய எதிரி என்றார். கையை இப்படி வை, காலை அப்படி வை என்று சொல்வதைக் குறைத்து, ஆட்டக்காரரே தன்னைக் கவனிக்கும்படி செய்தார். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இந்த அணுகுமுறையைப் பிரிட்டனில் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். தனிமனித வாழ்க்கைக்கான ஒரு தொழிலாக இது உருவானதில் தாமஸ் லெனார்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நிதி ஆலோசகராக இருந்த அவர் 1992-இல் கோச்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஐசிஎஃப் என்ற சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு 1995-இல் உருவானதும் அவரால்தான்.

தெரபியிலயும் உட்கார்ந்து பேசத்தானே செய்றாங்க? அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?

வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பது உண்மைதான். இரண்டு நாற்காலி, ஒரு மணி நேரம், பேச்சு. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் படிப்பும் பொறுப்பும் வேறு. மனநலப் பிரச்சினையை அடையாளம் கண்டு சிகிச்சை தருவதற்கென்றே படித்தவர் தெரபிஸ்ட். மனச்சோர்வு, தீராத பதற்றம், வன்முறையோ விபத்தோ விட்டுச்சென்ற அதிர்ச்சி, ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்தும் கோளாறு), உணவுக் கோளாறு, போதைப் பழக்கம் எல்லாம் அவருடைய களம்.

கோச்சுக்கு நோயைக் கண்டறியும் பயிற்சி கிடையாது. சிகிச்சை தருவது அவர் வேலையும் அல்ல. தன் அன்றாட வாழ்க்கையை ஓரளவு சமாளித்துக்கொண்டு, அதில் ஒன்றை மாற்ற விரும்புகிறவரோடு வேலை செய்வதுதான் அவர் வேலை. இந்த எல்லையை மதிக்கிற கோச்சால் நிறைய நன்மை உண்டு. மதிக்காதவரால் வரும் கெடுதலும் சின்னதாக இருக்காது.

"தெரபி கடந்த காலம், கோச்சிங் எதிர்காலம்"னு எங்க பார்த்தாலும் சொல்றாங்களே, அது சரிதானே?

ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியான வரிதான், ஆனால் சரியில்லை. தெரபியில் பல வகை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கிய சிபிடி (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி) முறை, இப்போது உங்கள் தலைக்குள் ஓடும் எண்ணங்களையும் இப்போதைய பழக்கங்களையும்தான் முதன்மையாகப் பார்க்கிறது. ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கிய தீர்வு மையத் தெரபியில் கேட்கப்படும் புகழ்பெற்ற கேள்வி ஒன்று உண்டு. இன்றிரவு நீங்கள் தூங்கும்போது ஓர் அதிசயம் நடந்து உங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது; நாளைக் காலையில் எதைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்வீர்கள்? இதில் கடந்த காலம் எங்கே இருக்கிறது?

இந்த வரியை நான் எதிர்ப்பதற்குக் காரணம், அது சிலரைச் சிகிச்சையிலிருந்து தள்ளி வைக்கிறது என்பதுதான். "சின்ன வயசுல எனக்கு ஒரு குறையும் இல்ல, அதனால தெரபி எதுக்கு" என்று, ராத்தூக்கம் போய்ப் பல வாரமான ஒருவர் சொல்வார். நல்ல குழந்தைப் பருவம் இருந்தவருக்கும் மனச்சோர்வு வரும்.

சரி, ஒரு கோச்சிங் செஷன்ல உண்மையிலேயே என்ன நடக்கும்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் "வேலை மாறணும், ஆறு மாசமா ஒரு ரெஸ்யூம்கூட அனுப்பல" என்று வருகிறார். "வேலை மாறிட்டீங்கன்னா என்ன வேற மாதிரி இருக்கும்?" என்று கோச் கேட்கிறார். சம்பளம் கூடும் என்று ஆரம்பிக்கிறவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையன்மேல எரிஞ்சு விழாம இருப்பேன் சார்" என்கிறார். அவருக்கு வேண்டியது என்ன என்பது அங்கேதான் வெளியே வருகிறது. வேலையில் எந்தப் பகுதி அவரை அவ்வளவு களைப்பாக்குகிறது, வேறு பிரிவுக்கு மாற முடியுமா, கடைசி ஒரு மணி நேர மீட்டிங்கைத் தள்ளிவைக்க முடியுமா, இல்லை வேலையைத்தான் மாற்ற வேண்டுமா என்று பேச்சு நகர்கிறது. முடிவில், வியாழக்கிழமைக்குள் மேலாளரிடம் பேசுகிறேன் என்று அவரே சொல்கிறார். அடுத்த செஷன் அந்த வியாழக்கிழமையிலிருந்து தொடங்கும். இலக்கு, இப்போதைய நிலை, இருக்கும் வழிகள், எதைச் செய்யப்போகிறேன் என்ற உறுதி ஆகிய இந்த நான்கு கட்ட வரிசைக்கு க்ரோ மாடல் என்று பெயர். விட்மோர் மூலம் பரவலானது.

அதே ஆள், அதே வாக்கியத்தைச் சிபிடி தெரபிஸ்ட்டிடம் சொன்னால் கேள்விகள் வேறு பக்கம் போகும். எத்தனை நாளாக இப்படி? தூக்கம், சாப்பாடு எப்படி? மகனைத் திட்டிய அடுத்த நிமிடம் உங்களைப் பற்றி என்ன நினைத்தீர்கள்? "நான் ஒரு மோசமான அப்பா" என்ற எண்ணம் வருகிறது என்றால், அது எப்போதெல்லாம் வருகிறது, வந்ததும் என்ன செய்கிறீர்கள் என்று எழுதிப் பார்க்கச் சொல்வார். கோச் வியாழக்கிழமைக்கு ஒரு வேலை வைக்கிறார். தெரபிஸ்ட் அந்த எரிச்சலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தேடுகிறார். இந்த மனிதருக்கு இரண்டில் எது வேண்டும் என்பது, தூக்கம் பற்றிய கேள்விக்கு அவர் சொல்லும் பதிலில் பாதி தெரிந்துவிடும்.

நான் என்ன செய்யணும்னு கோச் சொல்லித் தருவாரா?

பெரும்பாலும் மாட்டார். ஒரு துறையில் அனுபவமுள்ளவர் தன் அனுபவத்தைச் சொல்லி வழிகாட்டுவது மென்டரிங், ஒரு சிக்கலுக்குத் தீர்வு எழுதிக் கொடுப்பது கன்சல்டிங். அவை வேண்டுமென்றால் அவற்றையே தேடிப் போங்கள், காசும் நேரமும் மிச்சம்.

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர்னு இத்தனை பேர் இருக்காங்களே, யாரு எதுக்கு?

சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்துவிட்டு மனநலத்தில் சிறப்புப் படிப்பு முடித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியலில் மேற்படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் முடித்து, பரிசோதனையும் தெரபியும் செய்பவர். கவுன்சிலர் துக்கம், குடும்பச் சிக்கல், உறவு முறிவு போன்றவற்றில் உதவுபவர். எந்தப் பட்டத்துக்கு உரிமம் தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கவுன்சிலர் என்ற பெயருக்கு இல்லை. அதனால் பெயர்ப் பலகையை மட்டும் நம்பாமல், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேளுங்கள்.

கோச் ஆகறதுக்குப் படிப்பு ஏதாவது வேணுமா? யார் வேணா ஆகலாமா?

பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி எதுவும் தேவையில்லை. இன்று காலை முடிவெடுத்து மாலையில் கோச் என்று போட்டுக்கொள்ள முடியும். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய வருத்தம்.

விருப்பப்பட்டு வாங்கும் சான்றிதழ்கள் உண்டு. மேலே சொன்ன ஐசிஎஃப் மூன்று நிலைகளில் தருகிறது. முதல் நிலையான ஏசிசி-க்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த நிலையான பிசிசி-க்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். உச்ச நிலையான எம்சிசி-க்கு 200, 2,500. இவை ஒழுங்கான அளவுகோல்கள்தான். ஆனால் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வருடக்கணக்கில் படிப்பதோடு 60 மணி நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கோச்சிடம் எவ்வளவு பாரத்தை இறக்கிவைக்கலாம் என்பது அதிலேயே விளங்கும்.

எனக்கு எது தேவைன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: வழி தெரியாமல் நிற்கிறீர்களா, நடக்கத் தெம்பில்லாமல் நிற்கிறீர்களா? வழிதான் பிரச்சினை என்றால் கோச் உதவுவார். தெம்பு போய்விட்டது என்றால் முதலில் அது ஏன் போனது என்று பார்க்க வேண்டும். எந்த இலக்கும், எந்தத் திட்ட அட்டவணையும் அதைத் திருப்பிக் கொடுக்காது.

தெம்பு போனதற்கான அடையாளங்கள் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கம் வருவதில்லை. பிடித்த பாட்டைப் போட்டாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. நண்பர் அழைத்தால் போனை எடுக்காமல் விடுகிறோம். குளிப்பது பெரிய வேலையாகிவிடுகிறது. மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலில் 2 வாரம் என்பது முக்கியமான கணக்கு. மனம் இறுகிக் கிடப்பதோ எதிலும் ஆர்வம் இல்லாமல் போவதோ, தூக்கம், பசி, கவனம் ஆகியவற்றின் கோளாறோடு சேர்ந்து, பெரும்பாலான நாட்களில் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை போன்ற உடல் கோளாறும் இப்படிக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் நல்லது.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் லைஃப் கோச்சிங்குக்காக முன்வந்தவர்களுக்கு மனநலக் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், கால்வாசிப் பேர் முதல் பாதிப் பேர் வரை, கவனிக்க வேண்டிய அளவுக்கு மன உளைச்சலில் இருந்தது தெரியவந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா கொஞ்சம் மோட்டிவேஷன் வேணும்" என்று வருகிறவர்களும் அதில் அடக்கம்.

எல்லாத்தையும் தள்ளிப்போடறேன். சோம்பேறித்தனத்துக்கு கோச்தானே சரி?

தள்ளிப்போடுவது நோயும் இல்லை, குணமும் இல்லை, ஓர் அறிகுறி. வேலை பெரிதாகத் தெரிவதால் தள்ளுகிறவருக்கு அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் ஓடிவிடும். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் தள்ளுகிறவருக்கு அந்தப் பயத்தைப் பேச வேண்டும். சின்ன வயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்காமல், பொருளைத் தொலைத்து, நேரம் தவறிக்கொண்டே இருப்பவருக்கு ஏடிஹெச்டி என்ற கவனக் குறைபாட்டுக் கோளாறு இருக்கலாம். அதை மருத்துவர்தான் சொல்ல முடியும். சமீபத்தில்தான் இப்படி ஆனேன், முன்பெல்லாம் சுறுசுறுப்பாக இருந்தேன் என்றால், முந்தைய பதிலில் சொன்ன அடையாளங்களை இன்னொரு முறை படியுங்கள்.

முதல் வகைக்குக் கோச்சிங் நன்றாக வேலை செய்யும். ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கும், சிகிச்சையோடு சேர்ந்து, நாளைத் திட்டமிட கோச் உதவ முடியும். சோம்பேறி என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், யாராவது இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

தெரபின்னா வீட்ல ஒரு மாதிரி பார்ப்பாங்க. கோச்னு சொன்னா கௌரவமா இருக்கு. அதனால கோச்கிட்டயே போயிடலாமா?

இந்தத் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே இருக்கும் உண்மையான கேள்வியே இதுதான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் பேருக்காக ஆளை மாற்றினால், சிகிச்சை கிடைக்காமலே காலம் போகும். அதோடு, இலக்கு வைத்து அதை எட்ட முடியாமல் போகும்போது, "கோச் வெச்சும் என்னால முடியல" என்று குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தூக்கம் சரியில்லை, டாக்டரைப் பார்க்கிறேன் என்றால் போதும். அது பொய்யும் இல்லை.

கோச்கிட்ட பேசிட்டிருக்கும்போது பழைய விஷயம் ஏதாவது வெளிய வந்து அழுதுட்டா என்ன ஆகும்?

அழுவது தப்பில்லை, கோச்சிங்கிலும் ஆட்கள் அழுவார்கள். நல்ல கோச் அமைதியாக இருப்பார், உங்களை அவசரப்படுத்த மாட்டார். ஆனால் குழந்தையாக இருந்தபோது நடந்த கொடுமையை விலாவாரியாகச் சொல்லச் சொல்லித் தூண்டக் கூடாது. அதைத் திறந்தால் பாதுகாப்பாக மூடத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கான பயிற்சி அவருக்கு இல்லை. "இதை ஒரு தெரபிஸ்ட்கிட்ட பேசறது உங்களுக்கு நல்லதுன்னு தோணுது" என்று சொல்வதுதான் அவர் கடமை. ஐசிஎஃப் நெறிமுறையும், வேறு நிபுணரின் உதவி பொருத்தம் என்றால் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லத்தான் வலியுறுத்துகிறது.

அப்படி அனுப்பும்போது, கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

ரெண்டு பேர்கிட்டயும் ஒரே நேரத்துல போகலாமா?

போகலாம். மனச்சோர்விலிருந்து மீண்டு வருகிறவர் தெரபியைத் தொடர்ந்துகொண்டே, மறுபடி வேலைக்குப் போவதற்குக் கோச்சின் உதவியை எடுத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. இருவருக்கும் மற்றவரைப் பற்றித் தெரிந்திருக்கட்டும். தெரபிஸ்ட் "இப்போதைக்குப் புது இலக்கு வேண்டாம்" என்றால், அவர் பேச்சுக்கே முதலிடம்.

நான் சொல்றது எதுவும் வெளிய போகாதே?

இரண்டு இடத்திலும் ரகசியம் காப்பது தொழில் நெறி. சட்டம் தரும் பாதுகாப்புதான் வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996-இல், உரிமம் பெற்ற தெரபிஸ்ட்டிடம் பேசியதைக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் வெளியிடக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. கோச்சிடம் பேசியதற்குப் பொதுவாக அந்த மாதிரிச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான். உயிருக்கு ஆபத்து என்று வரும்போது இருவருமே வெளியே சொல்ல நேரலாம்.

கோச்சுக்குப் பணம் கொடுப்பது உங்கள் அலுவலகம் என்றால், மேலதிகாரிக்கு என்ன போகும் என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை செஷன் முடிந்தது என்பது போனால் பரவாயில்லை. என்ன பேசினீர்கள் என்பது போகக் கூடாது.

என் கோச் "மாத்திரை எல்லாம் தேவையில்ல, மனசை மாத்தினா போதும்"ங்கறார். நிறுத்தலாமா?

கூடவே கூடாது. மனச்சோர்வுக்கான மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம், பழைய நோயும் திரும்பலாம். குறைப்பதோ நிறுத்துவதோ, எழுதிக் கொடுத்த மருத்துவரோடு பேசித்தான். இப்படிச் சொல்கிற கோச்சை அன்றே விட்டுவிடுங்கள்.

கோச்சிங்கால பலன் இருக்குன்னு ஆதாரம் ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் அளவோடு. 2014-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பணியிடக் கோச்சிங்கால் செயல்திறன், மன நலம், சமாளிக்கும் திறன், இலக்கு நோக்கிய சுயகட்டுப்பாடு ஆகியவை மேம்படுவது தெரிந்தது. பணியிடத்தைப் பற்றிய முடிவு அது. யார் வேண்டுமானாலும் நடத்தும் லைஃப் கோச்சிங்குக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் சிபிடி தரும் பலனுக்கோ நூற்றுக்கணக்கான சோதனைகளின் ஆதாரம் இருக்கிறது.

வீட்ல ஒருத்தரைக் கோச்கிட்ட அனுப்பி சரி பண்ண முடியுமா?

மாற விரும்பாதவரைக் கோச்சிங் மாற்றாது. "என் பையனுக்குப் பொறுப்பு வர வைங்க" என்று அழைக்கும் பெற்றோரிடம், முதலில் பையனிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசுகிறேன் என்பேன். அவனுக்கு வேண்டிய ஒன்றை அவன் வாயால் சொன்னால் தொடங்கலாம். இல்லாவிட்டால், அப்பா அம்மாவே அவனிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு குடும்பநல ஆலோசகரிடம் கேட்பது அதிகம் உதவும்.

சாகணும்னு தோணுதுன்னு கோச்கிட்ட சொல்லலாமா?

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், மனதுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கோச்சின் அடுத்த செஷன் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர எண்ணையோ இப்போதே அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள், நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற கோச், பேச்சை நிறுத்தி, உங்களை அந்த உதவியோடு சேர்த்துவிட வேண்டும்.

மூணு மாசமா கோச்கிட்ட போறேன், ஒண்ணும் மாறல. இன்னும் எவ்வளவு நாள் பார்க்கறது?

கோச்சிங் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முடிகிற வேலை. மூன்று மாதத்தில் ஒன்றுமே நகரவில்லை என்றால், அடுத்த செஷனை அதற்கே ஒதுக்குங்கள். "எது நகரல, ஏன்னு நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று நேராகக் கேளுங்கள். இலக்கு தப்பா, இருவருக்கும் ஒத்துவரவில்லையா, இல்லை இது தெரபிக்கான விஷயமா என்று சேர்ந்து பார்க்கிறவர் என்றால் இன்னும் சில வாரம் கொடுக்கலாம். "உங்களுக்கு அர்ப்பணிப்பு போதல" என்று பழியை உங்கள்மேல் போட்டு, அதைவிட விலை கூடிய அடுத்த பேக்கேஜை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று, கையெழுத்து போடும் முன்பே பார்த்துவைப்பது நல்லது.